இரைச்சலில் வேலை செய்பவரின் தட்டில் என்ன இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் நிற்பவர்கள், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், குவாரியில் கம்ப்ரசர் ஓட்டித் துளை போடுபவர்கள், இன்றைக்கு உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன். உங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர் அடுப்படியில் இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பாதிப் பேச்சு அவருக்கானது.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். காது மந்தமாகிவிட்டது என்று வருகிற தொழிலாளிகளிடம் முதலில் வேலையைப் பற்றிக் கேட்பேன், அடுத்து சாப்பாட்டைப் பற்றி. காதுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று முழிப்பார்கள். இருக்கிறது.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஒரு பாகம் உண்டு. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள் இருக்கின்றன, சத்தத்தை நரம்புக்கு எடுத்துச் சொல்வது அவைதான். செத்த செல் திரும்ப முளைக்காது. பெரிய இரைச்சலில் இவை ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்துப் போகும், அந்த நேரம் பார்த்து அங்கே போகிற ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடும், கூடவே செல்லை அரிக்கிற நச்சுப் பொருட்கள் உண்டாகும். மெஷினை நிறுத்திய பிறகும் சில நாள் வரைக்கும் அந்த அரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான்.

இதில் ஓரளவு நன்றாக ஆராயப்பட்டது மெக்னீசியம். ரத்தக் குழாய் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் சத்து அது. இஸ்ரேல் ராணுவத்தில் துப்பாக்கிப் பயிற்சி எடுத்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு தினமும் 167 மில்லிகிராம் மெக்னீசியம் கொடுத்துப் பார்த்தார்கள், 1994-ல் வெளியான ஆய்வு. அது கிடைத்தவர்களுக்கு நிரந்தரக் காதுப் பாதிப்பு குறைவாக இருந்தது.

சரி, நம்ம ஊரில் அதற்கு எங்கே போவது? 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 140 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது. ஒரு நல்ல களி உருண்டைக்கு அவ்வளவு மாவு போகும். தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளைகிற மாவட்டங்களில் நம்முடைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் முன்னால் நிற்கின்றன. 2023-ல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை ரேஷனில் தொடங்கியபோது நீலகிரியோடு தருமபுரியைத்தான் எடுத்தார்கள். இவ்வளவு இருந்தும் கம்பெனி வேலைக்குப் போகிறவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் வெள்ளைச் சோறு, தண்ணியாக ஒரு ரசம், மூலையில் ஊறுகாய். களி எடுத்துப் போகக் கூச்சம் என்று சொல்கிறார்கள், எனக்கு அதைக் கேட்க வருத்தமாக இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகில் இருக்கிற சத்து முழுசாக உடம்பில் சேராது, தானியத்தில் உள்ள ஒரு பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் செய்ததுதான். கூடவே கீரைக் கடைசல், கொள்ளு, அவரை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இவற்றிலும் மெக்னீசியம் நிறைய. பாலக்கோட்டுத் தக்காளியும் ஒரு கொய்யாவும் சேர்ந்தால் காதுச் செல்லை அரிக்கிற அந்த நச்சை முறிக்கிற வைட்டமின் சியும் கிடைத்துவிடும்.

அடுத்தது உப்பு. இரைச்சல் காதோடு நிற்பதில்லை. வருஷக்கணக்கில் கேட்டால் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன் அளவுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீயோடு மிக்சர் என்று போனால் மதியத்திற்குள் அது தாண்டிவிடும். இன்னொரு விஷயம், பெரிய சத்தத்துக்கு நடுவே சாப்பிட்டால் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரியும் என்று பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் கை தானாக ஊறுகாயைத் தேடும். மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள் அண்ணா, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறைக்கோ மரத்தடிக்கோ போங்கள். காதுக்கும் அந்த அரைமணி நேரம் ஓய்வு.

பீடி, சிகரெட்டை விடச் சொல்வதற்கும் இதுதான் காரணம். இரைச்சலோடு புகை சேர்ந்தால் காது இன்னும் சீக்கிரம் போகும். தின்னர், பெயின்ட் வாடையில் வேலை செய்பவர்களுக்கும் அப்படியே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருந்துக் கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்கப் போய்விடாதீர்கள், சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு அது ஆபத்து. களி சாப்பிடுகிறேனே என்று இயர் பிளக்கைக் கழற்றி வைப்பதும் கூடாது. சத்தத்தின் அளவு 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். கல்லில் ஜாக்ஹாமர் ஓடுகிற இடத்தில் 100 சாதாரணம். இந்த அளவுக்கு எந்தச் சாப்பாடும் ஈடு கொடுக்காது.

இயர் பிளக் போடுவதையும் பெரும்பாலும் தப்பாகச் செய்கிறார்கள், காது வாசலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்சை விரலால் மெல்லிசாக உருட்டுங்கள், மறுகையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே நுழைத்து, உப்பும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருங்கள். சத்தம் மங்கினால்தான் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம்.

ஷிஃப்ட் முடிந்து காதில் கொய்ங் என்று ஓடினாலோ, டிவி சத்தம் வர வரக் கூடுகிறது என்று வீட்டில் சொன்னாலோ, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காது பரிசோதனை செய்யுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, எனவே இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் காதுக்கு இரைச்சல் இருக்கக் கூடாது. வார விடுமுறைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் போனால் சரியாக இருக்கும்.