ஏ லெவல் ஃபிலிம் ஸ்டடீஸ்: 11 படம், 2 பரீட்சை, 1 குறும்படம்

வணக்கம். இன்னைக்கு வீடியோ இங்கிலாந்துல ஏ லெவலுக்கு ஃபிலிம் ஸ்டடீஸ் எடுத்திருக்கிற பிள்ளைங்களுக்கு. எடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களும் உக்காருங்க. பக்கத்து ரூம்ல அப்பா அம்மா இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க. "படம் பாக்குறதுக்கு ஒரு பாடமா?"ங்கிற கேள்வியை முதல்லயே முடிச்சிரலாம். ஏ லெவல்ல எந்தப் பாடத்துல ஏ வாங்கினாலும் யுனிவர்சிட்டி சேர்க்கைக்குப் பாக்குற யூகாஸ் புள்ளி 48தான். ஃபிசிக்ஸுக்கும் 48, இதுக்கும் 48. ஆனா மெடிசின், இன்ஜினியரிங்னு போறவங்க அந்த கோர்ஸ் கேக்குற பாடங்களை முதல்ல எடுத்துட்டு, மிச்சமிருக்கிற இடத்துல இதை வைங்க. கெமிஸ்ட்ரியை விட்டுட்டு இதை எடுத்தா புள்ளி இருக்கும், சீட் இருக்காது.

நான் பேசப்போறது எடுகாஸ்ங்கிற பரீட்சை போர்டோட பாடத்திட்டம். ஓசிஆர் போர்டுல படிக்கிறவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். எடுகாஸ்ல ரெண்டு பரீட்சை, ஒவ்வொண்ணும் ரெண்டரை மணி நேரம், ஒவ்வொண்ணுக்கும் 35 சதவீதம். மீதி 30 சதவீதம் நீங்களே பண்ற புரொடக்‌ஷன்.

படத்துமேல பைத்தியமா இருந்து இந்தப் பாடத்தை எடுத்தவங்களுக்குத்தான் முதல் ரெண்டு மாசம் கஷ்டம். இவங்க நூறு படம் பாத்திருப்பாங்க. இங்க ரெண்டு வருஷத்துக்கு மொத்தமே 11 படம். அதே படத்தை நாலு தடவை, அஞ்சு தடவை, நிறுத்தி நிறுத்திப் பாக்கணும். கதை தெரிஞ்சுபோச்சு, சஸ்பென்ஸ் போச்சு, இப்போ அந்த ஜன்னல் ஏன் ஃபிரேமோட இடது பக்கம் இருக்குன்னு டீச்சர் கேப்பாங்க. அதுல ருசி வந்துட்டா பாடம் பிடிபட்டுரும். வரலைன்னா ரெண்டு வருஷமும் கதைச் சுருக்கம்தான் எழுதிட்டு இருப்பீங்க. கதைச் சுருக்கத்துக்கு மார்க் கிடையாது.

11 எப்படி வருதுன்னு பாத்துக்கோங்க. முதல் பேப்பர்ல 1930ல இருந்து 1990 வரைக்குமான ஹாலிவுட் ரெண்டு, 2005க்கு அப்புறம் வந்த அமெரிக்கப் படம் ரெண்டு, 1995க்கு அப்புறம் வந்த பிரிட்டிஷ் படம் ரெண்டு. ரெண்டாவது பேப்பர்ல உலக சினிமா ரெண்டு (ஒண்ணு ஐரோப்பா, ஒண்ணு ஐரோப்பாவுக்கு வெளிய), டாக்குமென்டரி ஒண்ணு, மௌனப்படம் ஒண்ணு, பரிசோதனைப் படம் ஒண்ணு. போர்டு பட்டியல் குடுக்கும், அதுல எதுன்னு ஸ்கூல் முடிவு பண்ணும். பட்டியல் அப்பப்ப மாறும். அண்ணன் அக்காவோட பழைய நோட்டை வாங்கினா முதல்ல படத்தோட பேரைச் சரிபாருங்க.

இப்போ மார்க் எங்க கொட்டுதுன்னு சொல்றேன். எல்லாப் படத்துக்கும் பொதுவா பாக்க வேண்டியது: ஒளிப்பதிவு, எடிட்டிங், சவுண்ட், நடிப்பு, அப்புறம் மிஸ்-ஆன்-சென், அதாவது ஃபிரேமுக்குள்ள இருக்கிற செட்டு, உடை, பொருள், வெளிச்சம் எல்லாம். அது போக, பிரிவுக்குப் பிரிவு ஒரு தனிக் கோணம் இருக்கு. பழைய ஹாலிவுட்டுக்கு ஆட்டர், அதாவது அந்தப் படத்துல யாரோட கையெழுத்து தெரியுதுங்கிறது. புது அமெரிக்கப் படத்துக்குப் பார்வையாளர் எப்படி நடத்தப்படுறார்ங்கிறதும் கருத்தியலும். பிரிட்டிஷ் படத்துக்குக் கதைசொல்லலும் கருத்தியலும். டாக்குமென்டரிக்கு இயக்குநர்களோட கோட்பாடு. மௌனப்படத்துக்கு யதார்த்தமா (நிஜத்தை அப்படியே காட்டுறது) வெளிப்பாடா (காட்சியை வளைச்சு உணர்வைக் காட்டுறது)ங்கிற விவாதம். பரிசோதனைப் படத்துக்குக் கதைசொல்லலும் ஆட்டரும். உலக சினிமாவுக்குத் தனிக் கோணம் எதுவும் இல்ல, பொதுவானது மட்டும்தான்.

இதை ஒரு பேப்பர்ல எழுதி மேசைக்கு மேல ஒட்டி வைங்க. இல்லைன்னா பிரிட்டிஷ் படத்தைப் பத்திக் கேட்டா இயக்குநரோட வாழ்க்கை வரலாறு ஒன்றரைப் பக்கம் போகும். எழுத்து நல்லாத்தான் இருக்கும். ஆனா கேள்வி கதைசொல்லலைப் பத்தி. அந்த ஒன்றரைப் பக்கம் அப்படியே தண்ணியில போச்சு.

அடுத்தது காட்சி ஞாபகம். பரீட்சை ஹால்ல நோட் கிடையாது, கிளிப் போட்டுக் காட்ட மாட்டாங்க. ஒரு படத்துக்கு மூணு காட்சி எடுத்துக்கோங்க: ஒண்ணு ஆரம்பத்துல, ஒண்ணு நடுவுல, ஒண்ணு கடைசியில. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு நிமிஷம் போதும். 11 படத்துக்கு 33 காட்சி. காட்சிக்கு ஒரு ஏ4 தாள். மேல சொன்ன அஞ்சு விஷயத்துக்கும் அஞ்சு கட்டம், கட்டத்துக்கு ரெண்டு வரி. முதல் தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க, கேமராவும் எடிட்டும் தெரியும். ரெண்டாவது தடவை திரையைப் பாக்காம கேளுங்க. காலடிச் சத்தம், ஃபேன் சத்தம், மியூசிக் எந்த வார்த்தையில நின்னுதுங்கிறதெல்லாம் அப்பதான் காதுல விழும்.

ஒரு உதாரணம். பழைய ஹாலிவுட் பட்டியல்ல வர்ற ஹிட்ச்காக்கோட வெர்டிகோ, 1958. மணிக்கூண்டுல ஹீரோ கீழ பாக்கும்போது படிக்கட்டு இழுபட்டு நீளும் இல்லையா? கேமரா ஒரு பக்கம் நகருது, அதே நேரம் லென்ஸ் அதுக்கு எதிர்ப்பக்கமா ஜூம் ஆகுது. நிறைய பேர் இதை எழுதி, "இதனால் தலைசுற்றல் தெரிகிறது"ன்னு முடிச்சிருவாங்க. படிக்கட்டோட மாதிரியைப் படுக்கவச்சு எடுத்தாங்கங்கிற தகவலையும் சிலர் சேர்ப்பாங்க. கேக்க நல்லா இருக்கும், மார்க் வராது. மார்க் வர்றது அடுத்த வரியில: அந்த ஷாட் அவர் கண்ணு வழியா வருது, அவரோட பயம் நம்ம உடம்புக்குள்ள ஏறுது, ஒரு ஆம்பளையோட பார்வைக்குள்ள நம்மளைப் பூட்டி வைக்கிறது இந்த இயக்குநரோட வழக்கம். டெக்னிக், அது நமக்கு என்ன பண்ணுது, அது எந்தக் கோணத்தோட சேருது. இந்த மூணும் ஒரே பத்தியில இருக்கணும்.

நம்ம பிள்ளைங்களுக்குன்னு ஒரு பொறி இருக்கு. 2017ல பாடத்திட்டம் வந்தப்போ உலக சினிமாப் பட்டியல்ல மணிரத்னத்தோட 'தில் சே' இருந்துச்சு. வீட்டுல 'உயிரே'ன்னு தமிழ்லயே பாத்திருப்பீங்க. உங்க ஸ்கூல் அதை எடுத்திருந்தா சந்தோஷப்படுங்க, ஆனா ரசிகரா எழுதாதீங்க. ரஹ்மான் பாட்டு அருமைன்னு எழுதினா எக்ஸாமினருக்கு அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இப்படிப் பாருங்க: ராத்திரி, மழை, காலியான பிளாட்ஃபார்ம், முகத்தைச் சரியாக் காட்டாத ஒரு பொண்ணு, ரயில் போயிருது. வெட்டினா பகல் வெளிச்சம், மலை ரயில், மேல கூட்டம், ஆட்டம். ஆடுறதும் அந்தப் பொண்ணு இல்ல, வேற ஒருத்தி. ஹீரோவோட ஆசைக்கும் அந்த பிளாட்ஃபார்ம் பொண்ணோட நிஜத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் படம் அங்கேயே சொல்லிருது. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவனோட வெளிச்சத்தையும் படத்தோட எடிட்டையும் வச்சு இதை எழுதினீங்கன்னா பாட்டே உங்களுக்கு ஆதாரம். இடைவேளைன்னு ஒண்ணு இருக்குறதால நம்ம படங்களோட கதை எப்படி ரெண்டா மடியுதுங்கிறதும் கூட இருக்கிற பசங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை ஒரு வரியில வைங்க, போதும்.

டாக்குமென்டரியைச் சீக்கிரம் சொல்லிடறேன். வாட்கின்ஸ், புரூம்ஃபீல்ட், லாஞ்சினாட்டோ, மைக்கேல் மூர்னு நாலு டாக்குமென்டரி இயக்குநர்களோட கோட்பாடுல ரெண்டு படிக்கணும். புரூம்ஃபீல்ட் அவரே கேமரா முன்னாடி வந்து நிப்பார், லாஞ்சினாட்டோ தன்னை மறைச்சுக்குவாங்க. எதிரும் புதிருமா இருக்கிற ரெண்டு பேரை எடுத்தா கட்டுரையில வாதம் தானா வரும். மௌனப்படத்துல ஒரே ஒரு எச்சரிக்கை: யூட்யூப்ல கிடைக்கிற காப்பிக்குக் காப்பி பின்னணி மியூசிக் வேற வேற. பின்னாடி யாரோ சேர்த்த மியூசிக்கை 1920கள்ல இயக்குநர் எடுத்த முடிவுன்னு எழுதிறாதீங்க.

சரி, புரொடக்‌ஷன். கொஞ்சம் நிதானமாப் போவோம்.

நாலுல இருந்து அஞ்சு நிமிஷக் குறும்படம் எடுக்கலாம். இல்லைன்னா 1600ல இருந்து 1800 வார்த்தைத் திரைக்கதை எழுதி, அதுல ஒரு முக்கியப் பகுதிக்கு ஃபோட்டோ எடுத்து ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் ஷாட்டா வரிசையா அடுக்கின படங்கள், வைக்கலாம். எதை எடுத்தாலும் கூட 1600ல இருந்து 1800 வார்த்தையில ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை. புரொடக்‌ஷனுக்கு 40 மார்க், கட்டுரைக்கு 20. தனியாத்தான் பண்ணணும். நண்பர்கள் நடிக்கலாம், லைட்டு மைக்கு பிடிக்கலாம். ஷாட் என்னன்னு முடிவு பண்றதும் எடிட் பண்றதும் நீங்கதான். கேமரா பயத்துல திரைக்கதைப் பக்கம் ஓடுறவங்க கவனிங்க, ஸ்டோரிபோர்டு ஃபோட்டோவுலயும் லைட்டிங்கும் ஃபிரேமிங்கும் பாப்பாங்க. தப்பிக்க முடியாது.

முதல் தப்பு எழுத்துலயே நடக்கும். ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம் ஏறக்குறைய திரையில ஒரு நிமிஷம். உங்களுக்கு வேண்டியது நாலு பக்கம். ஆனா எட்டுப் பக்கம், ஆறு கேரக்டர், ஒரு ஃபிளாஷ்பேக், ஒரு துப்பாக்கின்னு வருவாங்க. எடுத்து முடிச்சா ஒன்பது நிமிஷம். அதை அஞ்சுக்கு வெட்டும்போது கதையோட முதுகெலும்பே போயிரும். ஒரு இடம், ரெண்டு பேர், ஒருத்தருக்கு ஒரு தேவை, அதுக்கு ஒரு தடை. வசனம் குறைவா.

ரெண்டாவது, சூரியன். டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்கு முன்னாடியே அஸ்தமனம். மூன்றரைக்கு ஸ்கூல் விட்டு நீங்க டிரைபாட் விரிக்கும்போது இருட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சிருவாங்க, அன்னைக்கே சாயங்காலம் காணாமப் போயிரும். வெளிப்புறக் காட்சி இருந்தா அக்டோபர் ஹாஃப் டெர்ம் லீவுக்குள்ள முடிங்க. இல்லைன்னா கதையை வீட்டுக்குள்ள வைங்க.

மூணாவது, ஃபோன் செட்டிங். ஃபோன் பெரும்பாலும் செகண்டுக்கு 30 ஃபிரேம்ல இருக்கும். இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்கூல் காரிடார் டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தா படத்துல கருப்புப் பட்டை ஓடும், அதை எடிட்ல சரி பண்றது பெரும்பாடு. 25 ஃபிரேம், ஷட்டர் 50ல ஒரு பங்கு, இப்படிப் பூட்டுங்க. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதுல முடியும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் கையில பூட்டுங்க. ஆட்டோவுல விட்டா ஒருத்தர் ஜன்னலைத் தாண்டி நடந்ததும் சுவர் மஞ்சள்ல இருந்து நீலமாகும், ரெண்டு ஷாட்டும் ஒட்டவே ஒட்டாது.

நாலாவது சவுண்ட். மார்க் அதிகமாப் போறது இங்கதான். ஃபோனை மூணு மீட்டர் தள்ளி வச்சு ரெக்கார்டு பண்ணினா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்கும். இன்னொரு ஃபோனை எடுத்து, ரெக்கார்டர் ஆன் பண்ணி, பேசுறவங்க சட்டைப் பையிலயோ ஃபிரேமுக்கு வெளிய மேசைமேலயோ வைங்க. ஷாட் ஆரம்பத்துல கேமராவுக்குத் தெரியுற மாதிரி ஒரு தடவை கை தட்டுங்க. எடிட்ல அந்தத் தட்டலை வச்சு ரெண்டையும் சேர்த்துரலாம். ஃபிரிட்ஜை அணைங்க. கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க, அப்பதான் போகும்போது திரும்ப ஆன் பண்ண ஞாபகம் வரும். இடத்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் வாயை மூடிக்கிட்டு 30 செகண்ட் அந்த ரூமோட அமைதியைப் பதிவு பண்ணுங்க. வசனத்துக்கு நடுவுல வெட்டின இடத்துல சத்தம் தொப்புன்னு அறுந்தா அதை நிரப்ப இதுதான் வேணும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். கிளிப்பை எல்லாம் பென் டிரைவ்ல வச்சு எடிட் பண்ணிட்டு, அடுத்த நாள் வேற கம்ப்யூட்டர்ல சொருகினா டைம்லைன் முழுக்க 'மீடியா ஆஃப்லைன்'னு சிவப்பா நிக்கும். பதறாதீங்க, ஃபைல் போகல, பாதை மாறியிருக்கு, ரீலிங்க் குடுங்க. முதல் நாளே ஒரே ஃபோல்டர், ரெண்டு காப்பி.

அப்புறம் இந்த இளையராஜா ஆசை. காட்சி நிக்கலைன்னா மேல ஒரு மியூசிக்கை ஊத்தி மூடிடறது. மியூசிக்கை அணைச்சுட்டுப் பாருங்க, அப்பவும் காட்சி புரிஞ்சா எடிட் சரி. வேற ஒருத்தரோட மியூசிக் எதை எடுத்தாலும் கவர் ஷீட்ல எழுதுங்க.

கட்டுரைக்கு வருவோம். "முதல்ல லொக்கேஷன் பாத்தேன், அப்புறம் மழை வந்தது"ன்னு டைரி எழுதாதீங்க. போர்டு குடுத்திருக்கிற குறும்படங்களோட உங்க ஷாட்டை ஒப்பிடணும்: அவங்க அந்த மௌனத்தை எதுக்கு வச்சாங்க, நீங்க எதுக்கு வச்சீங்க, உங்களோடது எங்க வேலை செய்யல. ஷூட்டிங் நடக்கும்போதே தினம் அஞ்சு வரி குறிச்சு வச்சா இது ஒரு வார வேலை. இல்லைன்னா மூணு மாசம் கழிச்சு அந்த ஷாட்டை ஏன் வச்சோம்னு நீங்களே யோசிச்சுட்டு இருப்பீங்க.

கடைசியா ஹால்ல நேரம். முதல் பேப்பர் மூணு கட்டுரை, 150 நிமிஷம், கட்டுரைக்கு 50. அஞ்சு நிமிஷம் திட்டம், 40 எழுத்து, அஞ்சு திரும்பப் படிக்க. ரெண்டாவது பேப்பர் அதே 150ல நாலு கட்டுரை. அங்கதான் மூச்சு முட்டும். கேள்விக்குப் பக்கத்துல இருக்கிற மார்க்கைப் பாத்து நிமிஷத்தைப் பிரிச்சு, முதல் பக்க ஓரத்துல எழுதிக்கோங்க. பிடிச்ச படம் உலக சினிமாவுல வந்துட்டா 70 நிமிஷம் அதுலயே போயிரும், பரிசோதனைப் படத்துக்கு அரைப் பக்கம்தான் மிஞ்சும். மாக் பரீட்சையில ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா வரிசையை மாத்துங்க: கேள்வி எண்ணைத் தெளிவா எழுதிட்டு பரிசோதனைப் படம் இருக்கிற டி பிரிவுல இருந்து ஆரம்பிச்சு, பிடிச்ச படத்தைக் கடைசிக்கு வைங்க. எவ்வளவு அவசரத்துலயும் அதைப் பத்தி எழுத உங்களுக்கு விஷயம் இருக்கும்.