சுசூகி: வரிச் சட்டத்தின் இடுக்கில் வளர்ந்த வண்டிகள்

வணக்கம் நேயர்களே. இன்றைய காணொளியில் ஜப்பானின் சுசூகி நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறேன். நம் சாலைகளில் திரும்பிய பக்கமெல்லாம் தென்படும் பெயர் என்பதாலோ என்னவோ, அதன் பின்னணியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சுசூகியின் சிறந்த வண்டிகளில் பெரும்பாலானவை, அரசு வகுத்த அளவையும் வரியையும் மீறாமல் அந்த எல்லைக்குள் எவ்வளவு செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததால் பிறந்தவை என்பதே என் கருத்து.

ஹமாமட்சு நகரத்தில் 1909-ஆம் ஆண்டு மிச்சியோ சுசூகி என்ற தச்சர் தொடங்கிய தறிப் பட்டறைதான் இந்த நிறுவனத்தின் வேர். 1920-இல் அது பங்கு நிறுவனமாக மாறியது. 1930-களின் இறுதியில், பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து ஆராய்ந்து மாதிரிக் கார்களையும் செய்து பார்த்தார்கள். ஆனால் போர் வந்து அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு தறித் தொழில் நலிந்தபோது, 1952-இல் சைக்கிளில் பொருத்தும் 36 சிசி எஞ்சினை ‘பவர் ஃப்ரீ’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். மிதித்தும் ஓட்டலாம், எஞ்சினை மட்டும் நம்பியும் ஓட்டலாம், இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம் என்ற அதன் பற்சக்கர அமைப்பு அந்தக் காலத்திற்கு மிகவும் புத்திசாலித்தனமானது. 1954-இல் நிறுவனத்தின் பெயர் சுசூகி மோட்டார் என்று மாறியது. அடுத்த ஆண்டே, முன்சக்கரங்களுக்கு விசை செல்லும் ‘சுசூலைட்’ என்ற 360 சிசி கார் வெளிவந்தது.

அந்த 360 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜப்பான் அரசு ‘கேய்’ என்று ஒரு சிறிய வாகன வகையை வகுத்து, அதற்கு வரியிலும் பதிவிலும் சலுகை கொடுத்தது. 1950-களில் 360 சிசி, 1976-இல் 550 சிசி, 1990-இல் 660 சிசி என எஞ்சினின் உச்ச அளவு உயர்ந்துகொண்டே வந்தது; இன்றைய விதிப்படி வண்டியின் நீளம் 3.4 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் தாண்டக் கூடாது.

1970-இல் வந்த முதல் ஜிம்னியின் படத்தைத் திரையில் பாருங்கள். ‘ஹோப்’ என்ற சிறு நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்க வண்டியின் உரிமையை வாங்கி, அதில் தன் எஞ்சினை வைத்து, சுசூகி மேம்படுத்திய வண்டி இது. மற்ற ஜீப்புகளில் பின்கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரம் இதில் வண்டிக்குள்ளே, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தொங்கவிட்டால் அன்றைய 3 மீட்டர் வரம்பை வண்டி தாண்டிவிடும் என்பதால், ஓர் இருக்கையையே தியாகம் செய்து மூன்று பேர் மட்டும் அமரும்படி அமைத்தார்கள்!

இதைவிடத் துணிச்சலான கணக்கு 1979-இல் வந்த ஆல்டோ. குடும்பத்தின் மருமகனாக வந்து தத்தெடுக்கப்பட்டு, அதற்கு முந்தைய ஆண்டுதான் தலைவரான ஒசாமு சுசூகி, பயணிகள் காருக்கு விதிக்கப்பட்ட பண்ட வரி சரக்கு வண்டிக்கு இல்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். பின் இருக்கையைக் குறுக்கி, சரக்குப் பகுதியைப் பெரிதாக்கி, பார்வைக்குச் சாதாரணக் காராகவே இருந்த ஆல்டோவை அவர் சரக்கு வண்டியாகப் பதிவு செய்ய வைத்தார். நாடு முழுவதும் ஒரே விலையாக 4,70,000 யென் என்று அறிவித்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வரி ஏய்ப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் ரசித்திருக்கவும் மாட்டார்கள். அந்த ஆல்டோதான் இந்தியாவில் 796 சிசி எஞ்சினுடன் மாருதி 800 ஆனது நீங்கள் அறிந்ததே. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி அதன் முதல் சாவியை வழங்கியபோது மாருதி நிறுவனத்தில் சுசூகியின் பங்கு 26 சதவீதம்தான். 2002-இல்தான் அது பெரும்பான்மையாக உயர்ந்தது.

இரு சக்கர வாகனங்களில் கதை சற்று வேறு மாதிரி. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் பந்தய அணியில் ஓடிய எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கு நாடுகளுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக் நுட்பம் சுசூகியின் கைக்குச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னர் சுசூகிக்கு வென்று கொடுத்தார். பந்தயத்தில் கைவந்த டூ-ஸ்ட்ரோக் மரபு நம் ஓசூருக்கும் வந்து சேர்ந்தது. டிவிஎஸ் கூட்டணியில் 1984-இல் வெளிவந்த இந்த்-சுசூகியும், பின்னர் வந்த மேக்ஸ் 100, சாமுராய், ஷோகன் ஆகியவையும் அந்த வழி வந்தவை. 2001-இல் கூட்டணி முறிந்தது. ஷோகனின் சத்தத்திற்காகவே இன்றும் பழைய வண்டியைத் தேடி அலைபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எல்லைக்குள் அடங்கும் பழக்கத்திற்கு விதிவிலக்கு ஹயபூசா மோட்டார் சைக்கிள். 1999-இல் 1,298 சிசி எஞ்சினுடன் வந்து மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய அந்த வண்டியால் எழுந்த கலக்கத்தில், தயாரிப்பாளர்கள் தங்களுக்குள்ளேயே பேசி 299-இல் வேகத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

படகு எஞ்சின்கள், முதியோர் ஓட்டும் மின் நாற்காலி வண்டிகள் ஆகியவற்றையும் சுசூகி தயாரிக்கிறது. கார்களில் வேகன் ஆர், ஸ்விஃப்ட், எர்டிகா, பிரெஸ்ஸா ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள் என்பதால் நீட்டவில்லை. வேகன் ஆரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நீளத்தையும் அகலத்தையும் கூட்ட முடியாத நிலையில் உயரத்தைக் கூட்டி இடம் பிடித்த 1993-ஆம் ஆண்டின் அந்த வடிவமைப்பு, ஜப்பானியச் சிறு கார் சந்தையின் தோற்றத்தையே மாற்றியது.

இப்போது ஓட்டம் எதிர்த் திசையிலும் நடக்கிறது. குருகிராமில் தயாரான ஐந்து கதவு ஜிம்னி, 2025 ஜனவரியில் ‘நோமேட்’ என்ற பெயரில் ஜப்பானில் அறிமுகமானது. சில நாட்களிலேயே சுமார் 50,000 முன்பதிவுகள் குவிந்ததால் பதிவையே நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்தியாவிலோ அதே ஜிம்னி பெரிதாக விற்கவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு நம் நாட்டிலும் வரிச் சலுகை உண்டு. ஜிம்னியும் அந்த அளவுக்குள்தான் வருகிறது, ஆனால் எஞ்சின் அளவு அந்தச் சலுகையின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. வரிக் கணக்கில் இவ்வளவு தேர்ந்த நிறுவனம் இந்த வண்டியில் அதைப் போட்டுப் பார்க்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உங்களில் ஜிம்னி வைத்திருப்பவர்கள், அந்த விலைக்கு அது தகுமா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.