ஆப்பிளைத் தின்னாத புழு

வணக்கம் நேயர்களே.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பல வருடங்களை ஓட்டிவிட்டேன். ஒரே ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே கணக்கு, அறிவியல், மொழி, ஓவியம் எல்லாவற்றையும் எப்படிக் கிளப்புவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன் நான் பல வருடம் செய்துவந்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிகளில் ஒரு படம் வரையச் சொல்வார்கள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் கதையின் பெயர். சுற்றிலும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பாடம். பார்ப்பதற்குச் சிலந்தி வலை மாதிரி இருக்கும். எந்தக் கோடும் காலியாக இருக்கக் கூடாது. நானும் விடாமல் நிரப்பினேன். யானைக் கதை என்றால் யானைப் படம் போட்ட கூட்டல் தாள், யானைக்கு வண்ணம் தீட்டுதல், யானையைப் பற்றி ஐந்து வரி, யானைப் பாட்டு. சுவரில் ஒட்டினால் ஜோராக இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் அந்தக் கூட்டல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தோன்றியது, இந்த யானையை அழித்துவிட்டுப் பூனையை வரைந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆறும் மூன்றும் அப்போதும் ஒன்பதுதான். கதைக்கும் அந்தக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதிலிருந்து எந்தச் செயல்பாட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் கதையை அதிலிருந்து உருவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. உருவிய பிறகும் அது அசையாமல் நின்றால், அது கதையின் சட்டையை மாட்டிக்கொண்ட பயிற்சித்தாள். அவ்வளவுதான்.

இப்படி ஒரே வேலையைச் சுற்றிப் பல பாடங்களைக் கற்கவைக்கும் செயல்திட்ட முறை என்பது இன்று நேற்று வந்ததில்லை. வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1918இலேயே அந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளை முழுமனதோடு தனதாக எடுத்துக்கொண்ட ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் அதில் அழுத்திச் சொன்னது. நாம் முறையை வைத்துக்கொண்டு நோக்கத்தை எங்கோ தவறவிட்டுவிட்டோம். சரி, என் வகுப்புக்கு வருகிறேன்.

எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' என்ற படக்கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பசி அடங்காத ஒரு குட்டிப் புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளைத் தின்னும், செவ்வாய் இரண்டு பேரிக்காய், இப்படியே ஏறி வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் என்று பத்து வகை. அன்று ராத்திரி வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலை, வலி போய்விடும். அப்புறம் கூடு, கடைசியில் பட்டாம்பூச்சி. புழு தின்ற இடத்தில் எல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். காகிதக் கட்டு ஒன்றில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதையே அவருக்குத் தோன்றியதாம். முதலில் அவர் நினைத்தது ஒரு புத்தகப் புழுவை. பதிப்பாசிரியர் சொல்லித்தான் அது கேட்டர்பில்லர், அதாவது பட்டாம்பூச்சியாக மாறுகிற புழு, ஆனது.

என் பிள்ளைகள் அந்த ஓட்டைகளில் விரலை விட்டுவிட்டே கதை கேட்டார்கள். 'பாவம், ஏன் வயிறு வலிச்சுது?' என்று ஒருத்தி கேட்டாள். எண்ணிப் பார்த்தோம். ஐந்து நாளில் 15, சனிக்கிழமை ஒரே நாளில் 10. 'அதான்!' என்றார்கள் கோரஸாக. அந்தக் கூட்டலை நான் கொடுக்கவில்லை, வயிற்று வலி கொடுத்தது.

இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பையன் அதைக் கெடுத்தான். பள்ளியில் இருந்த எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் மாதிரி இருந்த ஒன்றைக் காட்டி, 'இது நகருது' என்றான். எலுமிச்சையில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு அப்படித்தான் வேஷம் போட்டுக்கொண்டிருக்கும். எச்சத்தை யார் கொத்தித் தின்பார்கள்? வளர்ந்த பிறகுதான் இலைப் பச்சைக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு வாடையும் வரும். ஒரு வாரத்துக்கு வகுப்பில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்தச் செடியில் கிடைத்த புழுக்களை ஜாடியில் வைத்து வளர்த்தோம். கிளை வாடாமல் இருக்க ஒரு சின்னப் புட்டியில் தண்ணீர் ஊற்றி நட்டு வைத்தேன். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறந்துவிட்டேன். மறுநாள் ஒரு புழு தண்ணீரில் செத்துக் கிடந்தது. பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன், என் தப்பு என்று. இதை வளர்க்க நினைக்கிற ஆசிரியர்களுக்குப் பஞ்சு ரொம்ப முக்கியம். அது எந்தச் செடியில் இருந்ததோ அதே வகை இலைதான் வேண்டும். சனி, ஞாயிறில் ஜாடி யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது பல நாள் குடியிருந்தது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.

முதல் நாளே பிள்ளைகள் ஜாடிக்குள் ஓர் ஆப்பிள் துண்டை வைக்கச் சொன்னார்கள். கதைப்படி அதுதானே நியாயம்? வைத்தோம். புழு அதன் பக்கம் போய்த் தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டுத் திரும்பிக் கிளைக்கே போய்விட்டது. காலையில் பார்த்தால் இலையில் பாதி காணோம், ஆப்பிள் கறுத்துப்போய் அப்படியே இருந்தது. 'அப்ப கதை பொய்யா மிஸ்?' என்று கேட்டான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. பெரிய தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'கதையில்' என்றும் மறுபக்கம் 'ஜாடியில்' என்றும் எழுதினேன். ஆறு வாரமும் அந்தத் தாளில் ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அதில் நடந்தது. எழுத்துக்கூட்டி எழுதினார்கள், தப்பாக எழுதினார்கள், அடுத்தவர் தப்பைத் திருத்தினார்கள். சொல்லுக்காகவும் சண்டை வந்தது. புழு இலையைக் கடிக்கிறதா, கொறிக்கிறதா, அரிக்கிறதா, மேய்கிறதா? கொறிக்கிறது என்றால் சத்தம் வர வேண்டும் என்று ஒரு கட்சி. ஓரத்திலிருந்து வரிசையாகத் தின்றுகொண்டு போவதால் மேய்கிறது என்று இன்னொரு கட்சி. வினைச்சொல் பாடம் என்று தனியாக நடத்தியிருந்தால் இந்த வாக்குவாதம் எனக்குக் கிடைத்திருக்குமா?

அளப்பதில் ஒரு சிக்கல். புழு வளைந்து கொடுக்கும், அளவுகோல் வளையாது. நூலை வைத்து அளக்கலாம் என்று சொன்னது ஒரு பெண் குழந்தை. தினமும் காலையில் நூலைப் புழுவின் முதுகோடு ஒட்டிப் பிடித்து, அந்த நீளத்துக்கு வெட்டி, தேதி போட்டு ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவந்தோம். எல்லா நூலின் அடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் போட்ட விதி. பத்து நாளில் அந்தத் தாளில் நூல்கள் படிக்கட்டு மாதிரி ஏறி நின்றன. அதற்குப் பட்டை வரைபடம் என்று பெயர் இருப்பதை நான் சொல்லவே இல்லை. நடுவில் ஒரு நாள் நூல் வளரவே இல்லை. 'நேத்து சாப்பிடலை, தோல் உரிச்சுது' என்று வரைபடத்தை விரலால் தொட்டுப் படித்துக் காட்டினான் ஒருவன்.

நடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புழுவுக்கு முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால்கள், பின்னால் ஐந்து ஜோடி சதைக் கால்கள், மொத்தம் 16. எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று முன்னால் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் ஒரு புழு. முன்னால் நின்றவன் இழுத்துக்கொண்டு ஓடினான், வால் அறுந்து விழுந்தது. திரும்ப ஜாடியிடம் போய்ப் பார்த்தார்கள். புழுவில் அசைவு வாலில் தொடங்கி அலையாகத் தலைக்கு வருகிறது. அப்புறம் கடைசியில் நிற்பவள் முதல் அடி வைக்க வேண்டும் என்று முடிவானது. வகுப்பிலேயே அதிகம் பேசாத பிள்ளை அன்று கடைசியில் நின்றிருந்தாள். அவள் நகர்ந்தால்தான் புழு நகரும்!

எல்லாப் பாடமும் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. கழித்தல் வந்து சேரவே இல்லை. அதை ஒரு வெள்ளிக்கிழமை கரும்பலகையில், புழு பூச்சி எதுவும் இல்லாமல், நேராக நடத்தினேன். ஒரு குறையும் இல்லை. பாடத்திட்டப் பட்டியலை நான் முன்னால் வைத்துக்கொள்வதில்லை. வாரக்கடைசியில் எடுத்து, நடந்ததற்கு எல்லாம் டிக் போடுவேன், விட்டுப்போனதைத் தனியாக நடத்துவேன். பெற்றோருக்கும் மேலதிகாரிகளுக்கும் அந்தப் பட்டியலைக் காட்டினால் போதும்.

மிச்சமிருந்த புழுக்களில் இரண்டு கூட்டுப்புழு ஆயின. பட்டுக்கூடு எதுவும் கட்டவில்லை. கிளையில் வாலை ஒட்டிக்கொண்டு, உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன. 'சீட் பெல்ட் போட்டிருக்கு' என்று 'ஜாடியில்' பக்கம் ஏறியது. எச்சத்தைக் கண்டுபிடித்த பையன் அதே செடியிலிருந்து மூன்றாவதாக ஒரு கூட்டுப்புழுவைக் கிளையோடு கொண்டு வந்தான். அவனுடையது என்று சீட்டு எழுதி ஒட்டினோம்.

கூட்டுப்புழு ஆன ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு பட்டாம்பூச்சிகளும் வெளியே வந்தன. இறக்கைகள் கசங்கிய துணி மாதிரி தொங்கின. விரிந்து காய்வதற்குள் பிள்ளைகள் காலைச் சிற்றுண்டியையே மறந்துவிட்டார்கள். பிற்பகலில் ஜன்னலைத் திறந்து விட்டோம். 

மூன்றாவது மட்டும் பழுப்பாகிக்கொண்டே போனது. நான்கு நாள் கழித்து அந்த ஜாடிக்குள் எள்ளைவிடச் சின்னதாய்க் கறுப்பாக நிறைய ஊர்ந்துகொண்டிருந்தன. குட்டிக் குளவிகள். கூட்டுப்புழு இளசாக இருக்கும்போதே அதற்குள் முட்டையிடுகிற குளவி இனம் ஒன்று உண்டு, அதன் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வரும். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஜாடியை எடுத்து மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவன் லென்ஸை எடுத்து வந்துவிட்டான். வெகுநேரம் பார்த்துவிட்டு, 'மிஸ், இதுவும் ஓட்டை போட்டுத்தான் வந்திருக்கு' என்றான். பழுப்புக் கூட்டின் பக்கவாட்டில் ஒரே ஓர் ஓட்டை. 'புத்தகத்துல வர்ற மாதிரியே!'

கடைசி வாரம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் செய்தார்கள். அவர்கள் புழு எலுமிச்சை இலை மட்டும்தான் தின்றது. முடிவு இரண்டு. ஒரு மடிப்பைத் திறந்தால் பட்டாம்பூச்சி, இன்னொரு மடிப்பைத் திறந்தால் குளவிகள். இரண்டாவதற்கு ஓட்டை போடுகிற வேலை அந்தப் பையனுடையது. பஞ்சிங் மெஷினை எடுத்துக் கொடுத்தேன். தாளில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். 'இது ஆப்பிளுக்கு மிஸ். இதுக்கு இவ்ளோ பெரிசு வேணாம்.' ஊசியைத் தேடி எடுத்து வந்து, அவன் விரல் வைத்த இடத்தில் நான் குத்தினேன்.