கூத்துப் பாட்டைக் கிளிக் ட்ராக்கில் கட்டாதீர்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது கடல்காற்று, மைக் பழுதில்லை.

வெளிநாட்டில் எலக்ட்ரானிக் இசை செய்கிற ஒருவரும் எங்கள் ஊர்ப் பாடகர் ஒருவரும் சேர்ந்து ஆல்பம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன நடக்கும்? அவர் ட்ராக்கை முழுசாக முடித்து அனுப்புவார். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன்மேல் பாடுவார். கேட்டுப் பார்த்தால், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளி மாதிரி குரல் ஓர் ஓரமாக நிற்கும். எவ்வளவு ரிவேர்ப் (செயற்கை எதிரொலி) போட்டாலும் சேராது. பாடுகிறவர் முடிவெடுக்க அதில் எதுவும் மிச்சமில்லையே!

எங்கள் ஊரில் ஆடிப் பாடி நடிக்கிற வடமோடிக் கூத்தைப் பாருங்கள். அதில் விருத்தம் என்கிற பாட்டு வகையைப் பாடும்போது தாளம் கிடையாது. பாடுகிறவர் மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ, வரியும் அவ்வளவு தூரம் போகும். கூத்தை நடத்துகிற ஆசான், அண்ணாவியார், மத்தளத்தோடு காத்து நிற்பார். பிறகுதான் தாளத்தோடு பாடுகிற தரு தொடங்கும், மத்தளமும் சல்லரி என்கிற கைத்தாளமும் ஏறும், பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பிடிப்பார்கள். இந்த விருத்தத்தை நிமிடத்துக்கு 120 தட்டு என்று, காதில் 'டிக் டிக்' எனத் தாளம் எண்ணுகிற கிளிக் ட்ராக்கில் கட்டினால் சொல் மிஞ்சும், விருத்தம் மிஞ்சாது.

குரலின் சுருதியைத் தானாகத் திருத்துகிற ஆட்டோட்யூன் மென்பொருள் அதைவிட மோசம். ஸ்தாயியை, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையான தூரத்தை, 12 சமமான படிகளாக வெட்டி, பக்கத்துப் படியில் குரலை இழுத்து உட்கார வைப்பதுதான் அதன் வழக்கமான வேலை. எங்கள் பாட்டின் உயிர் இருப்பதே படிகளுக்கு நடுவில். அந்த ஒரு படியை 100 சென்ட் என்று அளப்பார்கள். தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம் ('க' ஸ்வரத்தின் ஒரு வகை) சட்ஜத்திலிருந்து ('ச'விலிருந்து) 386 சென்ட். கீபோர்டில் அது 400. 14 சென்ட் சின்ன வித்தியாசம்தான், ஆனால் நீண்டு ஒலிக்கிற சிந்த் (மின்னணுவில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்) சுருதியின்மேல் காதில் உறுத்தும்.

ஆகவே வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் சுருதியை மட்டும் கொடுத்து, கிளிக் இல்லாமல் பாட வையுங்கள். மெஷின் வேலை அந்தக் குரலிலிருந்தே தொடங்கட்டும். கிரானுலர் சிந்தசிஸ் என்று ஒரு முறை உண்டு. குரலை 1 முதல் 100 மில்லிசெக்கன் வரையான துண்டுகளாக நறுக்கி, அடுக்கி, இழுத்து, சிதறவிடலாம். ஒரு 'ஆ'காரத்திலிருந்தே பின்னணி முழுவதும் வந்துவிடும். அதே தொண்டையில் பிறந்த ஒலி என்பதால் குரலும் அதோடு ஒட்டும்.

இது புதுசு இல்லை. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2004இல் வெளியிட்ட 'மெடுல்லா' ஆல்பம் கிட்டத்தட்ட முழுக்க மனிதக் குரலால் ஆனது. வாயாலேயே தாளம் போடுகிற பீட்பாக்ஸ் கலைஞர் ரஹ்ஸெல், இனுவிட் தொண்டைப்பாட்டுக்காரி டான்யா டகாக் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஹாலி ஹெர்ண்டன் 2019இல் 'ப்ரோட்டோ' ஆல்பத்துக்காக ஒரு பாடகர் குழுவின் குரலைச் செயற்கை நுண்ணறிவுக்கே பழக்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டாவதைவிட முதலாவதுதான் பிடிக்கும். அதில் மூச்சு கேட்கும்.

சரி, ஒலிப்பதிவு. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், அது சுருங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிந்து, சுருக்காத வேவ் கோப்பாக அனுப்புங்கள். எல்லாக் கோப்பும் ஒரே ஆரம்பப் புள்ளியில் தொடங்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மின்விசிறியை நிறுத்துங்கள். மட்டக்களப்பு வெக்கையில் கொடுமைதான், என்ன செய்வது! மிக்ஸிங்கில் சிந்த் ஒலியை 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்தால் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கும்.

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன் ஒலியை, அதாவது எங்கள் வாவித் தண்ணீருக்குள் மீன் பாடுவதாகச் சொல்லும் ஒலியை, பாட்டில் தூவச் சொல்வார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' புத்தகத்திலேயே அதைப் பாட்டாக எழுதிவிட்டார். போட்டால் பாடகர் காதுக்கும் கொடுங்கள், அதோடு சேர்ந்து பாடட்டும். சும்மா அலங்காரத்துக்கு வேண்டாம்.

கடைசியாக, பெயர் விஷயம். 'நாட்டார் பாடல்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, இசை முழுக்கத் தன்னுடையது என்று பதிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடியவர் பெயர் அட்டையில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம் என்பதை வெளியிடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், உறவுக்காரராக இருந்தாலும்.

அடுத்த வீடியோவில் ஒரு தருவை எடுத்து, உங்கள் முன்னாலேயே நறுக்கிக் காட்டுகிறேன்.