ஒரே ஊருக்குள் இரண்டு கோரிக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மே 25ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரக் காவல்துறை ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறால் ஒருவர் மரணம் என்பது அதன் தலைப்பு. மோசடிப் புகார் வந்தது, போனோம், அந்த ஆள் எதிர்த்தார், கைவிலங்கு போட்டோம், அவருக்கு உடம்புக்கு முடியாதது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸை வரவழைத்தோம், மருத்துவமனையில் இறந்துவிட்டார். விஷயம் அவ்வளவுதான் என்றது அந்தக் குறிப்பு. கழுத்தைப் பற்றியோ, அந்தக் கழுத்தை அழுத்திய முழங்காலைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை கிடையாது.

டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் அன்று அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் அந்தக் குறிப்பே வரலாறாக நின்றிருக்கும். உறவுக்காரச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு 38ஆம் தெரு முனையில் இருந்த கடைக்கு வந்தவர் அவர். சாலையில் நடப்பதைப் பார்த்ததும் சிறுமியைக் கடைக்குள் அனுப்பிவிட்டு, செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். 20 டாலர் கள்ளநோட்டு கொடுத்தார் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட ஜார்ஜ் ஃப்ளாய்ட் குப்புறக் கிடக்கிறார். மூச்சு விட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அம்மாவைக் கூப்பிடுகிறார். டெரெக் ஷோவின் என்ற போலீஸ்காரரின் முழங்கால் அவர் கழுத்தில் 9 நிமிடம் 29 விநாடி இருந்தது என்று பிறகு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. நடைபாதையில் நின்றவர்களில் ஒருவர், அன்று பணியில் இல்லாத தீயணைப்பு வீராங்கனை. நாடியைப் பாருங்கள், நாடியைப் பாருங்கள் என்று அவர் கத்தினார். கூட இருந்த இன்னொரு போலீஸ்காரரும் நாடி கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகும் முழங்கால் நகரவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அமெரிக்கா முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டங்களைப் பற்றி இன்றும் உலகம் இரண்டாகப் பிரிந்துதான் பேசுகிறது. அது நீதிக்கான எழுச்சி என்று ஒரு தரப்பு, கலவரமும் கொள்ளையும் என்று இன்னொரு தரப்பு. இந்தச் சண்டையை நாம் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. நான் இன்று சொல்ல வந்தது, அந்த ஊர்க்காரர்கள், அதிலும் அங்குள்ள கறுப்பின மக்கள், தங்களுக்குள் வாதாடியதைப் பற்றி. வெளியில் இருந்து பேசுகிறவர்கள் யாரும் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் தீ வைப்பு. அதை மழுப்பிப் பேச எனக்கு விருப்பமில்லை. மே 28 இரவு மினியாபொலிசின் மூன்றாவது சரகக் காவல் நிலையம் எரிந்தது. லேக் தெருவில் கடை கடையாகச் சூறையாடினார்கள். மினியாபொலிசிலும் பக்கத்து நகரமான செயின்ட் பாலிலும் சேர்த்து ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் சேதமாயின. அந்த லேக் தெரு வட்டாரம் யாருடையது என்று பாருங்கள். சோமாலியர்கள், மெக்சிகோக்காரர்கள், கறுப்பினத்தவர்கள் என்று சொந்தக் காசைப் போட்டுச் சின்னதாகக் கடை வைத்தவர்கள் நிறைந்த இடம் அது. ஒரு கறுப்பினத் தீயணைப்பு வீரர் தன் சேமிப்பையெல்லாம் கொட்டித் திறக்கவிருந்த மதுக்கூடத்தைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. அந்த இடிபாட்டில் நின்று அவர் அழுததைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். காவல் நிலையத்துக்கு அருகிலேயே காந்தி மகால் என்ற உணவகம் இருந்தது. நடத்தியவர் வங்கதேசத்திலிருந்து போனவர். அதுவும் எரிந்தது. கட்டடம் எரிந்தால் எரியட்டும், திரும்பக் கட்டிக்கொள்ளலாம், நீதி கிடைக்கட்டும் என்று அவர் சொன்னதை மகள் உலகுக்குத் தெரிவித்தார். ஒரே தெருவில், ஒரே மாதிரி இழப்பில் ஒருவர் அழுகிறார், ஒருவர் இப்படிப் பேசுகிறார். இருவரில் யாரைத் தப்பு என்று சொல்வீர்கள்? எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஃப்ளாய்டை இழந்த வீட்டிலிருந்து எழுந்த குரலும் தீ வைக்கச் சொல்லவில்லை. ஃப்ளாய்டின் சகோதரர் டெரன்ஸ், அண்ணன் இறந்த அதே முனையில் நின்று, இதெல்லாம் என் அண்ணனைத் திருப்பிக் கொண்டுவராது, வேறு வழியில் செய்வோம், ஓட்டுப் போடுங்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். செயின்ட் லூயிஸ் நகரில் கொள்ளையைத் தடுக்கப் போன டேவிட் டோர்ன் என்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் கறுப்பினத்தவர்தான். அவர் உயிருக்கு ஒரு நீதியும் ஃப்ளாய்ட் உயிருக்கு வேறொரு நீதியும் இருக்க முடியாது. அதே நேரம், அந்தக் கோடையில் நடந்த போராட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அமைதியாகவே முடிந்தன. எரிந்த கட்டடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டியவர்கள், அந்த 9 நிமிடம் 29 விநாடியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கத்தான் அதைச் செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, போலீஸ் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம். ஜூன் 7ஆம் தேதி பவுடர்ஹார்ன் பூங்காவில் மேடை போட்டு, நகர மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர், காவல்துறையைக் கலைத்துவிடுவோம் என்று உறுதி கொடுத்தார்கள். கைதட்டல் வானைப் பிளந்தது. ஆனால் வட மினியாபொலிசில் வேறு பேச்சு நடந்தது. கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதி அது. துப்பாக்கிச் சத்தம் அங்கே புதிதல்ல. அந்த ஆண்டு அது இன்னும் கூடியது. நூற்றுக்கணக்கான போலீஸார் வேலையை விட்டுப் போனார்கள். 2021இல் நகரில் நடந்த கொலைகள் 2019இல் நடந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடபகுதிக் குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் 2020 ஆகஸ்ட்டிலேயே நகராட்சியின் மீது வழக்குப் போட்டார்கள். நகரச் சாசனப்படி இருக்க வேண்டிய எண்ணிக்கையில் போலீஸ் இல்லை, ஆளை நியமியுங்கள் என்பது கோரிக்கை. 2022 ஜூனில் மினசோட்டா உச்ச நீதிமன்றம், 731 பேரை மேயர் நியமிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இடையில் 2021 நவம்பரில் வாக்கெடுப்பும் நடந்தது. காவல்துறையை எடுத்துவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை என ஒன்றை அமைக்கலாமா என்பது கேள்வி. 100க்கு 56 பேர் வேண்டாம் என்றார்கள். வட மினியாபொலிஸ் வார்டுகளும் வேண்டாம் என்றே சொல்லின. அதே ஆண்டு அதே மக்களிடம், ஷோவினுக்குத் தண்டனை சரியா என்று கேட்டிருந்தால் ஒரு கணம்கூடத் தயங்கியிருக்க மாட்டார்கள். கூப்பிட்டால் போலீஸ் வர வேண்டும், வந்த போலீஸ் என் பிள்ளையைக் கொல்லக்கூடாது. இரண்டையும் ஒரே வாயால் கேட்டார்கள். இதில் என்ன முரண்பாடு இருக்கிறது? ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் இயல்பாகக் கிடைப்பதைத்தான் கேட்டார்கள்.

கலைக்கச் சொன்னவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. மனநோயாளி, போதைக்கு அடிமையானவர், தெருவில் படுத்திருப்பவர் என எல்லாவற்றுக்கும் துப்பாக்கி வைத்திருப்பவரையே அனுப்பினால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். இதையே ஒரு போலீஸ் தலைவரும் சொல்லியிருக்கிறார். 2016 ஜூலையில் டாலஸ் நகரில் ஒரு போராட்டத்துக்குப் பாதுகாப்பாக நின்ற போலீஸார் ஐந்து பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அப்போது அங்கே தலைவராக இருந்த டேவிட் பிரவுன், சமுதாயத்தின் ஒவ்வொரு தோல்வியையும் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று வருந்தினார். போராடுகிறவர்களிடம், எங்களிடம் வேலை காலியாக இருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்றும் சொன்னார். அவரும் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். ஒவ்வொரு காரை நிறுத்தும்போதும் போலீஸ்காரருக்கு உள்ளூர பயம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விலங்கு மாட்டி, குப்புறக் கிடந்து, நாடி நின்றுபோன ஒருவரிடம் என்ன பயம்?

புள்ளிவிவரங்களை வைத்தும் சண்டை உண்டு. ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இரு தரப்பும் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. போலீஸ் சுடுவதில் இன வேறுபாடு தன் தரவுகளில் தெரியவில்லை என்றார் அவர். தள்ளுவது, சுவரோடு சேர்த்து அழுத்துவது, விலங்கிடுவது போன்றவற்றிலோ கறுப்பினத்தவர்மீது 50 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்றும் அதே ஆய்வில் சொன்னார். சரி, முதல் பாதியை மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? போலீஸ் நிறுத்தியவர்களை வைத்துத்தான் இந்தக் கணக்கு. யாரை நிறுத்துவது என்பதிலேயே பாகுபாடு இருந்தால், அது இந்தக் கணக்கில் மறைந்துபோகும். எனக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால், போலீஸ் சுட்டு இறப்பவர்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த ஜூன் மாதத்தில்தான் இங்கே சாத்தான்குளமும் நடந்தது. போலீஸ் காவலில் அடிபட்டுப் பிறகு இறந்த தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று போலீஸ் எஃப்.ஐ.ஆர். எழுதியது. மினியாபொலிஸ் செய்திக்குறிப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண்ணின் செல்பேசி, இங்கே அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் சொன்ன சாட்சியம். யாரோ ஒருவர் துணிந்தால்தான் காகிதத்தில் இருப்பது பொய் என்று தெரிகிறது.

ஷோவினை 2021 ஏப்ரல் 20 அன்று 12 பேர் கொண்ட நடுவர் குழு மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. இருபத்திரண்டரை ஆண்டு சிறை. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் நகரக் காவல் தலைவர் மெடாரியா அரடொண்டோவும் ஒருவர். தன் ஆளுக்கு எதிராக ஒரு தலைவர் கூண்டேறுவது அங்கே அபூர்வம். அதற்கு அப்புறம் சட்டம் மாறியதா என்றால், நாடு முழுமைக்குமாக மாறவில்லை. ஃப்ளாய்ட் பெயரிலான மசோதா கீழவையில் இரண்டு முறை நிறைவேறி, செனட்டில் முடங்கியது.

2023 ஜூனில் மத்திய நீதித்துறை மினியாபொலிஸ் காவல்துறையைப் பற்றி அறிக்கை தந்தது. கறுப்பினத்தவரிடமும் பூர்வகுடிகளிடமும் பாகுபாடு காட்டுகிறது என்றது அது. ஃப்ளாய்ட் மரணத்துக்குப் பிறகு, நிறுத்தியவர்களின் இனத்தைப் பதிவு செய்வதையே பல போலீஸார் விட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. அதை வைத்து நீதிமன்ற மேற்பார்வைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2025 மேயில், ஃப்ளாய்ட் இறந்து ஐந்தாண்டு நிறைவதற்குச் சில நாள் இருக்கையில், புதிய அரசின் நீதித்துறை அதைக் கைவிட்டது. மாநில மனித உரிமைத் துறையோடு நகரம் செய்துகொண்ட இன்னோர் ஒப்பந்தம் தனியாக நீதிமன்றத்தின் கீழ் ஓடிக்கொண்டிருக்கிறது. நகரத்துக்கு வெளியே இருந்து ஒரு குழு வந்து, அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்கிறது. அதில் நான் தேடிப் படிப்பது இரண்டு விஷயம்தான்: நிறுத்தியவர்களின் இனத்தை இப்போதாவது பதிவு செய்கிறார்களா, புகார் கொடுத்தவருக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கிறது.

நன்றி, வணக்கம்.