செலிப்பர் வரிசையும் 10.20 அப்பாயின்மென்ட்டும்

வணக்கம் நேயர்களே. நான் டாக்டரும் இல்ல, கம்ப்யூட்டர் படிச்சவளும் இல்ல. மலேசியாவுல, கெடா மாநிலம் பாடாங் சிராய் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல கவுன்டர்ல உக்காந்திருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அம்மா பால்மரம் வெட்டுனவங்க, நான் பொறந்தது லயத்து வீட்ல, இப்ப அந்த லயமும் இல்ல மரமும் இல்ல, பாதி செம்பனை, பாதி வீடு கட்டுன தாமான் ஆயிடுச்சு. எங்க கிளினிக்ல கம்ப்யூட்டர்ல அப்பாயின்மென்ட் சிஸ்டம் போட்ட கதையப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. கவுன்டர்ல உக்கார்றவ ரேடியோவுல பேச என்ன இருக்குன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா அந்த ஆறு மாசத்துல நான் வாங்குன திட்ட மட்டும் சொன்னாலே நேரம் போயிடும்.

சிஸ்டம் வர்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட வரிசைன்னா செலிப்பர்தான். காலைல ஏழு மணிக்கு நான் மோட்டார நிறுத்துறப்பவே ஷட்டர் முன்னாடி பத்து பதினஞ்சு ஜோடி கெடக்கும், ஆளுங்க எதுத்தாப்ல கோப்பிக்கடைல பசியாறிக்கிட்டு இருப்பாங்க. நீல வார் வச்சது, வார் அந்து போயி நைலான் கயிறு போட்டுக் கட்டுனது, நடுவுல ஒரு பிள்ளையோட ஸ்கூல் சப்பாத்து. எது யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் தள்ளி வைக்க மாட்டாங்க. தோட்டத்துல டிரெஸ்ஸர்கிட்ட மருந்து வாங்குன காலத்துப் பழக்கம் அது, காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்கு முந்தியே போயி எடம் புடிச்சாதான் ஆச்சு. ஆனா எங்க டாக்டர் வர்றது ஒம்பது மணிக்கு. ஏழு மணிக்கு செலிப்பர வச்ச பாட்டி சில நாளு பதினொன்ற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருக்கும், அதுவும் சக்கர நோயாளி.

கோவிட் வந்தப்பதான் இது சரிப்படாதுன்னு எல்லாருக்கும் உறைச்சுச்சு. 2021ல ஊசிக்கு போன்ல மைசெஜாத்ரா ஆப்புல தேதி, நேரம், எடம் எல்லாம் வந்துச்சுல்ல, நம்ம ஆளுங்க பேரப்புள்ளைங்கள வச்சாவது அதப் பாத்து, சொன்ன நேரத்துக்குப் போயி நின்னாங்க. அப்ப நம்ம ஆளுங்களுக்கு டைம் பழக்கம் வராதுன்னு சொல்றது சும்மா.

சரி, சிஸ்டம் வாங்கியாச்சு. வித்தவங்க வந்து ஒரு மத்தியானம் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க, பேரு வேணாம். எல்லாருக்கும் பதினஞ்சு நிமிஷம்னு போட்டுக்குங்க அக்கா, போதும்னான் அந்தப் பையன். நானும் போட்டேன். மூணே நாள்ல எல்லாம் கொழம்பிருச்சு. எம்சிக்கு, அதான் மெடிக்கல் லீவு சீட்டுக்கு, வர்ற காய்ச்சல்காரன் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துர்றான், கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ற தாத்தா அரை மணி ஆனாலும் வர மாட்டேங்குறாரு, அவரு பின்னாடி நாலு பேரு மணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

அப்புறம்தான் ரெண்டு வெள்ளி குடுத்து ஒரு எக்சசைஸ் புக்கு வாங்குனேன். ரெண்டு வாரம், வர்ற ஒவ்வொருத்தரும் எத்தன மணிக்கு கதவத் தொறந்தாங்க, எத்தன மணிக்கு டாக்டர் ரூமுக்குள்ள போனாங்க, எப்ப வெளிய வந்தாங்க, எதுக்கு வந்தாங்க, அவ்ளோதான், கோடு போட்டு எழுதுனேன். எங்க செட்டிங் எல்லாம் அந்த புக்குலேர்ந்துதான் வந்துச்சு. பால்மரத்து ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே வெட்டப் போயிருவாங்க, குளுமைலதான் பால் நல்லா இறங்கும், அவங்க பால எடை போட்டுட்டு குளிச்சுட்டு வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும். கூலிம் ஹைடெக் பார்க்ல ஷிப்டு போறவங்க சாயங்காலம் ஏழுக்கு மேல. பிள்ளைங்கள தூக்கிட்டு வர்றவங்க ஸ்கூல் பஸ் போனதுக்கு அப்புறம். அப்ப காலைல ஒம்பதுலேர்ந்து பதினொன்னு வரைக்கும் யாருக்கு வசதின்னா வீட்ல இருக்குற வயசானவங்களுக்குத்தான், அதுலயும் சாப்பிடாம ரத்தம் குடுக்க வேண்டியவங்கள மொத மொத போடணும், பாவம் பட்டினியா எவ்ளோ நேரம் உக்காருவாங்க. காய்ச்சலுக்குப் பத்து நிமிஷம், சக்கர பிரஷர் பதினஞ்சு, டிரெஸ்ஸிங் அரை மணி. இன்னொன்னு, டிரெஸ்ஸிங் பண்றது நர்ஸ், டாக்டர் கடைசில ஒரு பார்வ பாக்குறாரு, அப்ப அந்த அரை மணிய டாக்டர் டைம்ல ஏன் கழிக்கணும்? டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தனிக் காலண்டர், ஈசிஜி மிஷினு ஒன்னுதான் இருக்கு அதுக்கு ஒன்னு. இது சிஸ்டத்துல முன்னாடியே இருந்துச்சு, யாரும் எனக்குக் காட்டல.

டாக்டர் ஒரு விஷயம் சொன்னாங்க. 1952லயே இங்கிலாந்துல வெல்ச், பெய்லின்னு ரெண்டு பேரு ஆஸ்பத்திரி வரிசையக் கணக்குப் போட்டு லான்செட் பத்திரிகைல எழுதியிருக்காங்களாம், தொடக்கத்துல ரெண்டு பேர ஒரே நேரத்துக்கு வரச் சொல்லு, அப்புறம் ஒரு ஆளுக்கு சராசரியா எவ்ளோ நேரம் ஆகுதோ அந்த இடைவெளில ஒவ்வொருத்தரா கூப்புடுன்னு. ஏன் ரெண்டு பேருன்னா மொத ஆளு லேட்டா வந்தாலும் டாக்டர் சும்மா உக்கார வேணாம். ஒம்பது மணிக்கு ரெண்டு பேரப் போட்டுப் பாத்தோம், கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

பேரு. ஐயோ, இந்தப் பேரு பெரிய தலவலி. சிஸ்டத்துல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம். நம்ம ஐசில, அதான் அடையாளக் கார்டுல, என்ன இருக்கு, பொன்னம்மா ஏ/பி சுப்பையா, ஏ/பின்னா இன்னாரோட மக. நான் லாஸ்ட் நேம்ல சுப்பையாவப் போட்டேன், அது வெள்ளக்காரன் வழக்கத்துல மிஸஸ் சுப்பையான்னு மெசேஜ் அனுப்பிருச்சு. மறுநாள் அந்த ஆயா போனத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிது, "எங்கப்பாவ ஏம்மா கூப்பிட்டு அனுப்புறீங்க, அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சே"ன்னு. கிளினிக்கே சிரிச்சுச்சு, ஆயா சிரிக்கல. அன்னிலேர்ந்து முழுப் பேரையும் முதல் கட்டத்துல போட்டு ரெண்டாவதுல ஒரு புள்ளி வச்சுட்டேன். அதோட லெட்சுமின்னு தேடுனா ரூமில, அதான் இங்கிலீஷ் எழுத்துல, எத்தன விதம், நடுவுல T வருமா, கடைசில I-யா Y-யா, ஒரே ஆளுக்கு மூணு கார்டு தொறந்து வச்சிருந்தோம். அதனால பேர வச்சுத் தேடாதீங்க, ஐசி நம்பர வச்சுத் தேடுங்க. 12 இலக்கம், மொத ஆறு பொறந்த தேதி, கடைசி இலக்கம் ஆம்பளைக்கு ஒத்தப்படை, பொம்பளைக்கு ரெட்டப்படை, தப்பா அடிச்சா சில தப்பு அங்கயே தெரிஞ்சுரும். வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிங்களுக்கு பாஸ்போர்ட் நம்பர், ஆனா பாஸ்போர்ட் புதுசு பண்ணுனா நம்பரும் மாறிரும், அதனால பழைய நம்பரையும் அழிக்காம வைக்கணும்.

அடுத்தது நாளு கெழம. கெடாவுல வாராந்திர லீவு வெள்ளி சனி, சிஸ்டத்துக்கு அது எங்க தெரியும், ஞாயித்துக்கெழமைய சாம்பல் கலர்ல மூடி வச்சிருந்துச்சு, எங்க கிளினிக்ல ஞாயிறுதான் கூட்டம் ஜாஸ்தி. வெள்ளிக்கெழம நாங்க சாத்துற நாளு, அன்னிக்கு நாலு பேருக்கு டைம் குடுத்திருக்கு. தைப்பூசம் வேற, இங்க அது வருஷா வருஷம் மாநில அரசு அறிவிச்சாதான் லீவு, ரெடிமேடா வர்ற லீவு பட்டியல நம்புனா அவ்ளோதான். அதக் கையால போடணும்.

இதெல்லாம் விட மோசம் தேதி. ஜூன் மாசம் ஒரு நாளு பூரா உக்காந்து அடுத்த மாசம் எட்டாம் தேதிலேர்ந்து உள்ள ஆளுங்கள ஏத்துனேன், 8/7ன்னு அடிச்சேன், ஜூலை 8ன்னு நெனச்சு. சிஸ்டம் அமெரிக்காக்காரன் மாதிரி மாசத்த முன்னாடி வச்சு அத ஆகஸ்ட் 7ன்னு எடுத்துக்கிச்சு. 12க்கு மேல உள்ள தேதிய அடிச்சா செவப்பு காட்டுது, அத மட்டும் காலண்டர் பெட்டில தட்டி மாத்திட்டேன், ஏன்னு யோசிக்கல பாருங்க, 12க்குள்ள இருந்ததெல்லாம் சத்தமில்லாம மாறி உக்காந்துருச்சு. ஜூலை 8 காலைல கதவத் தொறக்குறேன், கார்டு கையில வச்சுக்கிட்டு ஆளுங்க நிக்கிறாங்க, திரைல ஒருத்தர் பேரும் இல்ல, வெள்ளையா கெடக்கு. அன்னிக்கு மறுபடி செலிப்பர் வரிசைதான் காப்பாத்துச்சு. யாராவது புதுசா சிஸ்டம் போடுறீங்கன்னா மொத வேலையா 25ன்னு ஒரு தேதிய அடிச்சுப் பாருங்க, ஏத்துக்கிச்சுன்னா நாள் முன்னாடி, செவப்பு காட்டுனா ஓடிப் போயி செட்டிங்க மாத்துங்க.

எஸ்எம்எஸ் ஞாபகப்படுத்துறது பத்தி சொல்றேன், இது நெறைய பேருக்குத் தெரியாது. ரூமில எழுதுனா ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து போகும், தமிழ்ல எழுதுனா 70தான். அதுவும் நாம எண்ணுற மாதிரி அது எண்ணாது, பொன்னம்மான்னா நமக்கு அஞ்சு எழுத்து, அதுக்கு ஒம்பது, புள்ளி கொம்பு காலு எல்லாம் தனித்தனியா கணக்கு. ஆசைப்பட்டு வணக்கம் அன்பார்ந்தன்னு நீட்டி எழுதி வச்சேன், ஒரு மெசேஜுக்கு மூணு மெசேஜ் காசு போச்சு. இப்ப பேரு, கெழம, தேதி, காலை 10.20, அவ்ளோதான், கெழம கண்டிப்பா போடணும், தேதிய மறந்தாலும் செவ்வாக்கெழமன்னா மறக்க மாட்டாங்க. லிங்க்க அமுக்கி உறுதிப்படுத்துங்கன்னு சிஸ்டத்துல ஒன்னு இருந்துச்சு, அத எடுத்துட்டேன், ஏமாத்துக்காரங்க பண்ணுன வேலைல நம்ம ஆளுங்க லிங்க்கத் தொடவே பயப்படுறாங்க, அதோட 2024 செப்டம்பர்லேர்ந்து கம்பெனிங்க அனுப்புற எஸ்எம்எஸ்ல லிங்க் இருக்கக் கூடாதுன்னு தொடர்பு, பல்லூடக ஆணையமே சொல்லிருச்சு. எழுத்துப் படிக்க முடியாத ஆயாங்களுக்கு நான் வாட்ஸ்அப்ல வாயிஸ் போடுறேன், "ஆயா நாளைக்கு சாப்பிடாம வாங்க, தண்ணி மட்டும் குடிங்க"ன்னு. எந்த சிஸ்டமும் அதச் செய்யல.

இன்னொன்னு சொல்லணும், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஒரே போன் நம்பர் வீட்டுக்கே இருக்கும், ஆறு பேருக்கு ஒரு நம்பர். ஒரு மருமக பொண்ணு, கல்யாணம் ஆகி கொஞ்ச மாசம், டெஸ்ட் பண்ண வந்துச்சு, இன்னும் வீட்ல சொல்லல. நாங்க அனுப்புன மெசேஜ்ல எதுக்கு வர்றாங்கன்னு சேந்தே போயிருச்சு, விழுந்தது மாமியார் போன்ல. நல்ல செய்தியா இருந்தாலும் அது அந்தப் பொண்ணு சொல்ல வேண்டிய செய்தி. நான் வீட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010, அமலுக்கு வந்தது 2013 நவம்பர்ல, அதுல உடம்பு பத்துன தகவல் தனி வகை, ஆளு தெளிவா சம்மதம் குடுக்கணும். 2025 ஜூன்லேர்ந்து பெரிய அளவுல தகவல் கசிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் பாதுகாப்பு ஆணையருக்குச் சொல்லணும். அதனால இப்ப மெசேஜ்ல நோய்ப் பேரே கெடையாது, எந்த நம்பருக்கு அனுப்பலாம்னு பாரத்துல ஒவ்வொருத்தரையும் தனியா கேக்குறோம். கவுன்டர்ல நாலு பேரும் ஒரே பாஸ்வர்டு வச்சிருந்தோம், அதையும் பிரிச்சாச்சு, யாரு மாத்துனா யாரு அழிச்சான்னு இப்ப பேரோட நிக்கிது. நான் அழிச்சதும் சேத்துத்தான்.

திட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னா வரிசைலேர்ந்து. "நான் விடியக்காலைல வந்து உக்காந்திருக்கேன், இப்ப காடில வந்து எறங்குனவன் உள்ள போறான், அவன் என்ன கங்காணி மகனா?" அப்படின்னு ஒரு தாத்தா சத்தம் போட்டாரு. அவரு சொல்றதுல ஞாயம் இருக்கு, எழுதி வச்ச நேரம் அவரு கண்ணுக்குத் தெரியல, செலிப்பர் தெரியும். அதனால மூணு எடத்துக்கு ஒரு எடம் காலியா விட்டோம், சொல்லாம வர்றவங்களுக்கு, கைய அறுத்துக்கிட்டு வர்றவன் அப்பாயின்மென்ட் போட்டுட்டா அறுப்பான்? அப்புறம் ஒரு வெள்ளப் பலகைல அன்னிக்கு நேரத்த வெறும் நம்பரா எழுதி மாட்டுனோம், பேரு இல்லாம, 9.00, 9.00, 9.10, காலி எடத்துக்கு ஒரு வட்டம். தாத்தா அந்த வட்டத்த விரல் வச்சு எண்ணிப் பாத்துட்டு, சரி எனக்கு மூணாவது வட்டம்னு போயி உக்காந்துட்டாரு.

இடி இடிச்சா இங்க மோடம் போயிரும், உங்களுக்கே தெரியும். அதனால தெனம் சாயங்காலம் கடைய சாத்துறதுக்கு முன்னாடி மறுநாள் லிஸ்ட்ட பிரின்ட் எடுத்து டிராயர்ல போட்டுட்டுத்தான் போறேன். லைன் போயிருச்சுன்னா பென்சில்ல எழுதி, வந்த பிறகு ஏத்துறது. காகிதத்துக்கு எதுக்கு காசு செலவுன்னு டாக்டர் ஒரு தடவ கேட்டாங்க, அடுத்த வாரமே ரெண்டு நாள் லைன் இல்ல, அப்புறம் கேக்கல.

பொன்னம்மா ஆயாவுக்கு இப்ப செவ்வாக்கெழம 10.20. ஏழு மணிக்கே வந்துருது. ஏன் ஆயான்னா, "வீட்ல என்ன பண்றது, இங்க வந்தா நாலு பேரப் பாக்கலாம்"ங்குது. கோப்பிக்கடைல உக்காந்து கத பேசிட்டு பத்து பத்துக்கு எந்திரிச்சு வருது. தீபாவளி வருது, மருந்து தீர்ற ஆளுங்களுக்கெல்லாம் முந்தின வாரத்துலயே கூடுதலா எடம் தொறந்து வச்சிருக்கேன், எங்ககிட்ட வர்றவங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா மாத்திர டப்பாவ இன்னிக்கே தொறந்து எண்ணிப் பாருங்க, பத்து நாளைக்குக் கம்மியா இருந்தா போன் பண்ணுங்க, நாந்தான் எடுப்பேன். நன்றி, வணக்கம்.