கல்லாகும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நின்றிருப்பீர்கள். சைவ நேயர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணமாகத்தான் சொல்கிறேன். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஈரலைக் கையில் எடுத்ததும் தராசில் போடமாட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரல் லேசாக அமிழ்ந்தால் தராசுக்குப் போகும். ஒருநாள் ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவைத்தார். "ஏன் பாய்?" என்றேன். "இது வேணாம் டாக்டரே. கத்தி போறப்ப நறநறங்கும். உள்ள வெள்ளை வெள்ளையா நரம்பு ஓடியிருக்கு பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். வழவழப்புப் போய், மணல் ஒட்டினாற்போல ஒரு சொரசொரப்பு. அவர் நரம்பு என்று சொன்னது நரம்பல்ல, தழும்பு. எங்கள் பாஷையில் ஃபைப்ரோசிஸ்.

கல்லீரல் என்று பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ, நல்ல கல்லீரலில் கல்லைப் போல எதுவும் இல்லை. ஒன்றரைக் கிலோ மென்மை அது. அது கல்லாகிற கதையைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

கல்லீரலுக்குள் நட்சத்திர வடிவத்தில் ஒருவகை செல்கள் உண்டு. சாதுவான கிடங்குக்காரர்கள். விட்டமின் 'ஏ'யைச் சேர்த்து வைப்பது அவர்கள் வேலை. கல்லீரலில் திரும்பத் திரும்பக் காயம் பட்டால் இவர்கள் கிடங்கைப் போட்டுவிட்டுக் கொத்தனார்களாகிவிடுவார்கள். கொலாஜன் என்ற நாரைக் கொண்டு பூசத் தொடங்குவார்கள். கையில் வெட்டுப்பட்டால் தழும்பு ஏற்படுகிறதே, அதேதான். ஒருநாள் காயம் என்றால் பூச்சு கலைந்துவிடும். பத்து, இருபது வருடம் காயம் நின்றபாடில்லை என்றால் பூச்சு சுவராகும், சுவர் ரத்த ஓட்டத்தை மறிக்கும். இதை எஃப் 0 முதல் எஃப் 4 வரை படிபோட்டுச் சொல்கிறோம். எஃப் 0 என்றால் தழும்பில்லை, எஃப் 4தான் சிரோசிஸ், ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை.

காயப்படுத்துவது யார்? மது என்பீர்கள். சரிதான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் உண்டு. ஆனால் இப்போது என் அறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்கள், ஃபேட்டி லிவர்காரர்கள், அதாவது ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்கள். "நான் தொட்டதே இல்லையே டாக்டர்!" என்று வருத்தப்படுவார்கள். தொடவேண்டியதில்லை ஐயா, தட்டில் விழுவதே போதும்.

இன்னொன்று. மஞ்சள் காமாலை வந்தால்தான் ஈரல் கெட்டது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. இல்லை. எஃப் 2, எஃப் 3இல் பெரும்பாலும் வலிக்காது, மஞ்சளாகாது. மறுபடியும் சொல்கிறேன், வலிக்காது. அதனால்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கும், எடுங்கள். ஒருவர் வந்தார், வயது 50. எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 36, "நார்மல்" என்று போட்டிருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சம், அதுவும் நார்மல். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதி 54, அது மட்டும் கொஞ்சம் கூடுதல். தாளைக் கொடுத்தவர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஊகிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கினால் 2700. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்தால் 150, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 6, இரண்டையும் பெருக்கினால் 900. 2700ஐ 900ஆல் வகுத்தால் 3. 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2. 2.67ஐத் தாண்டினால் விடக்கூடாது. இவருக்கு 3! தனித்தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய நார்மல், சேர்த்துப் பார்த்தால் எச்சரிக்கை. கணக்குப் போட வராதென்றால் உங்கள் டாக்டரைப் போடச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

அடுத்தது, பாயின் கட்டைவிரல். அதைத்தான் மெஷினாகச் செய்து ஃபைப்ரோஸ்கேன் என்கிறோம். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுத்தால், விலா எலும்புகளுக்கு நடுவே சில்லென்று ஜெல்லைத் தடவி 'டொக்' என்று ஒரு தட்டு. பத்துத் தடவை தட்டுவார்கள். தேங்காய்க்காரர் தட்டிப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். தட்டின அதிர்வு மெத்தென்ற ஈரலில் மெதுவாகப் போகும், விறைத்த ஈரலில் வேகமாக ஓடும். அந்த வேகத்தை அளந்து, ஈரலின் விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் சொல்லும். சுமார் ஐந்து என்றால் நல்ல ஈரல். ஃபேட்டி லிவரில் எட்டுக்குள் இருந்தால் பெரிய கவலையில்லை. முன்பெல்லாம் ஊசி விட்டு ஈரலில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். இப்போதும் சிலருக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் அது எடுப்பது ஈரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு. சட்டியில் ஒரு பருக்கை பார்த்துப் பதம் சொல்வதுபோல, ஆனால் இங்கே எல்லாப் பருக்கையும் ஒரே பதமாக வெந்திருக்காது.

நேரம் போய்விட்டதென்று கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சிகிச்சையைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன்! சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயம் நின்றால் கொத்தனார்கள் ஓய்கிறார்கள், பூசின நாரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஹெபடைடிஸ் சிக்கு மாத்திரை இருக்கிறது, பலருக்கு 12 வாரம் போதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பியை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, மறக்க வேண்டாம். மதுவை நிறுத்துவது, குறைப்பதல்ல, நிறுத்துவது. ஃபேட்டி லிவருக்கு உடல் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் தழும்பே இளகுகிறது. 80 கிலோ இருக்கிறவர் எட்டு கிலோ குறைக்க வேண்டும். இந்த ஃபேட்டி லிவர் தழும்புக்கு ரெஸ்மெடிரம் என்ற மாத்திரைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, செமாக்ளூடைடு என்ற ஊசி மருந்துக்கு 2025இல்.

கீழாநெல்லி பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். 1988இல் சென்னையிலிருந்து ஹெபடைடிஸ் பிக்கு நம்பிக்கை தரும் ஓர் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தழும்புக்கு அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடிக்கலாம், சர்க்கரை போடாமல். வணக்கம்.